பட்டமும் பணியும்: பெண்கள் பல்கலைக்கழகக் கல்வியின் வரலாறு

முன்னுரை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலருக்குப் பெண் கல்வி குறித்து ஒரு கட்டுரை வேண்டுமெனக் கழகச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பெண் கல்வியின் சிறப்பினைப் பொதுவாகப் புகழ்ந்துரைப்பது எளிது. மேடைதோறும் அது நடைபெறுகிறது. ஆயின், நம் இளைஞர்களும் பெற்றோரும் அறிய வேண்டுவது புகழுரையன்று, வரலாறேயாகும். பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்கு எவ்வாறு திறந்தது? பட்டம் பெற்ற பெண்களுக்கு என்ன பணி கிட்டியது? அவ்வரலாற்றில் நம் சமுதாயப் பெண்கள் எப்பொழுது, எவ்வழியே நுழைந்தனர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டம் பெறுதல் வேறு, பணி பெறுதல் வேறு என்பதைத் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளுதல் நலம். முதற் கதவைத் திறந்தவர்கள் இரண்டாவது கதவைத் தாமே திறந்து வைக்கவில்லை. ஒவ்வொரு கதவையும் பெண்கள் தனித்தனியே தட்ட வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழகக் கதவு திறந்த வரலாறு

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் விதிகளை வகுத்தோர் மாணவரென்றால் ஆண் என்றே எண்ணினர். பெண்ணொருத்தி தேர்வெழுத வருவாள் என்பது அவர்கள் கருத்திலேயே இல்லை. அவ்விதிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி எழுதப்பட்டவை. அந்த இலண்டன் பல்கலைக்கழகமே 1878இல்தான் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது.

அதே 1878இல் கல்கத்தாப் பல்கலைக்கழகமும் பெண்கள் தேர்வெழுத இசைந்தது. அதற்குக் காரணமாயிருந்தவர்கள் இரு பெண்கள். ஒருவர் டேராடூனில் பயின்ற கிறித்தவப் பெண்மணியாகிய சந்திரமுகி பாசு. மற்றொருவர் கல்கத்தாவின் காதம்பினி பாசு. சந்திரமுகி நுழைவுத் தேர்வெழுத முன்னரே அனுமதி கேட்டிருந்தார். பல்கலைக்கழகம் முழு மனத்தோடு இசையவில்லை. அடுத்து காதம்பினியும் தேர்வுக்கு ஆயத்தமாகி நின்றபோது இனியும் மறுக்க இயலாதென்னும் நிலை ஏற்பட்டது. 1883இல் இருவரும் பி.ஏ. பட்டம் பெற்றனர். இந்தியாவில் பட்டம் பெற்ற முதற் பெண்கள் இவர்களே. சந்திரமுகி 1884இல் எம்.ஏ. பட்டமும் பெற்றுப் பின்னாளில் பெத்தூன் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார்.

ஈண்டு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்க முன்வந்தது 1920இல். கேம்பிரிட்ஜ் அதனைச் செய்தது நம் நாடு விடுதலை பெற்றதற்கு அடுத்த ஆண்டாகிய 1948இல். ஆதலின் மேல்நாட்டில் எல்லாம் எளிதாயிருந்தது, நம் நாட்டில்தான் தடை என்று எண்ணுவது பொருந்தாது. எங்கும் கேட்டவர்க்கே கிடைத்தது. கேளாதிருந்தவர்க்குக் கொடுத்தவர் எவருமிலர்.

பூனா தக்காணக் கல்லூரியில் பயின்ற கொர்னீலியா சொராப்ஜி 1888இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரியானார். கல்லூரியில் முதன்மை பெற்ற மாணவர்க்கு இங்கிலாந்து சென்று பயில அரசின் உதவித்தொகை உண்டு. சொராப்ஜி பெண் என்னும் காரணத்தால் அத்தொகை அவருக்கு மறுக்கப்பட்டது. பிறருடைய உதவியால் ஆக்ஸ்போர்டு சென்று 1892இல் சட்டத் தேர்வில் வெற்றி பெற்றார். ஆனால் பட்டத்தைக் கையிற் பெற 1922 வரை, அதாவது முப்பது ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. இந்திய நீதிமன்றங்களில் பெண்கள் வழக்கறிஞராகலாம் என்னும் சட்டம் 1923இல்தான் இயற்றப்பட்டது. படிப்பில் தேறியவரைப் பணியில் முப்பது ஆண்டுகள் நிறுத்தி வைத்த வரலாறு இது.

முதலில் கிட்டிய பணிகள்

பட்டம் பெற்ற பெண்களுக்கு முதலில் திறந்த பணிகள் இரண்டே: மருத்துவம், ஆசிரியம். இதன் காரணத்தை ஆராய வேண்டும். பெண்ணுரிமையை ஏற்றுக்கொண்டு எவரும் அப்பணிகளை வழங்கவில்லை. கோஷா வழக்கமுள்ள குடும்பத்துப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்துப் பிரசவ காலத்தில் உயிர்நீத்து வந்தனர். வளர்ந்த பெண்களுக்கு ஆண் ஆசிரியர் பாடம் சொல்வதையும் குடும்பங்கள் ஏற்கவில்லை. பெண்களுக்குப் பணி செய்யப் பெண்களே வேண்டும் என்னும் தேவைதான் அவ்விரு கதவுகளையும் திறந்தது.

இதில் நம் சென்னைக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போதைய மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்டு பால்ஃபர் அதற்கு ஆதரவாயிருந்தார். அந்நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப் அம்மையார். அவர் இலண்டன் சென்று மேற்படிப்பை முடித்து 1883இல் சென்னைக்குத் திரும்பினார். 1885இல் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று நிறுவப்பெற அவரே காரணமாயிருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே.

அம்மருத்துவமனையின் பழைய பெயரை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 'ஜாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை' என்பதே அப்பெயர். பெண்களின் துயர் துடைக்க எழுந்த நிறுவனமும் எந்தப் பெண்களை மனத்திற் கொண்டு எழுந்தது என்பதை அதன் பெயரே பறைசாற்றியது. நாடு முழுவதும் 'பெண்கள்' என்று பேசப்பட்ட இடங்களில் பெரும்பாலும் நம் தாய்மார்கள் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை.

பணியிற் சேர்ந்த பெண்கள் பழிச்சொல்லுக்கும் ஆளாயினர். காதம்பினி கங்கூலி (திருமணத்திற்குப் பின் அவர் பெற்ற பெயர் இது) கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1886இல் மருத்துவத் தொழிலுக்கு உரிமை பெற்றார். இரவிலும் பகலிலும் நோயாளிகளைக் காணச் சென்ற அவரை ஒரு வங்காளப் பத்திரிகை நடத்தை கெட்டவர் என்னும் பொருள்பட எழுதிற்று. அவர் அஞ்சி ஒடுங்கவில்லை. நீதிமன்றம் சென்றார். பத்திரிகை ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். வேலைக்குச் செல்லும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சு இன்று தோன்றியதன்று என்பதும், அதற்கு எவ்வாறு விடையிறுப்பது என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

சென்னை மாகாணத்துப் பட்டதாரிப் பெண்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் இரு பெண்மணிகளின் பெயர் சிறந்து விளங்குகிறது. ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. இளமையிலேயே கணவனை இழந்த அவர் மாநிலக் கல்லூரியில் பயின்று 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என அறியப்படுபவர் அவரே. அடுத்த ஆண்டே விதவைச் சிறுமியர்க்கென இல்லம் ஒன்றைத் தொடங்கி அவர்களை ஆசிரியைகளாக்கினார். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

மற்றொருவர் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1904இல் அவர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர முற்பட்டபோது பெண் என்பதாலும், தாயார் வழிக் குலம் பற்றியும் எதிர்ப்பு எழுந்தது. மன்னரே ஆணையிட்டுச் சேர்த்துக்கொண்டார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். அவர் 1930இல் நிறுவிய ஔவை இல்லமும், 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இன்றும் மக்களுக்குத் தொண்டாற்றி வருகின்றன. பட்டத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாது நிறுவனங்களாக மாற்றியவர்கள் இவ்விருவரும்.

1914இல் சென்னையில் பெண்களுக்கென அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டது. முதலாண்டில் 37 மாணவியர் பயின்றனர். 1917இல் அதற்கு இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் சூட்டப்பட்டது. 1915இல் பெண்கள் கிறித்தவக் கல்லூரி தோன்றியது. மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948இல் தொடங்கியது. இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி அம்மாள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். தாவர இனங்களின் உயிரணுக்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.

பொறியியல் துறை இன்னும் பிற்பட்டே திறந்தது. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் முதன்முதலாக ஏ. லலிதா, பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய மூவர் 1940களின் முற்பகுதியில் பயின்று பட்டம் பெற்றனர். லலிதா அவர்கள் பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவனை இழந்தவர். கல்லூரியின் பட்டச் சான்றிதழில் 'அவன்' என்பதைக் குறிக்கும் சொல் அச்சாகியிருந்தது. அதனை அடித்து 'அவள்' எனத் திருத்தி வழங்கினர். திரேசியா அவர்கள் 1971இல் கேரள மாநிலப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

நம் சமுதாயப் பெண்களின் நிலை

இனி நம் வரலாற்றிற்கு வருவோம். மேற்கூறிய வரலாற்றில் ஒரு பொதுத் தன்மை உண்டு. அப்பெண்களின் போராட்டம் வீட்டை விட்டு வெளியே வருவதற்கான போராட்டமாகும். நம் பெண்களின் நிலை அதுவன்று. அவர்கள் என்றும் வெளியேதான் இருந்தனர். வயலில் நாற்று நட்டனர், களை பறித்தனர், கதிர் அறுத்தனர், களத்துமேட்டில் நெல் தூற்றினர், நகரங்களில் தெருக் கூட்டினர். பிறர் நிலத்தில் பிறர் குறித்த கூலிக்கு உழைக்க அவர்களுக்கு எந்தக் கோஷாவும் தடையாயில்லை. அவர்களுக்குத் தடையாயிருந்தது பள்ளிக்கூடத்தின் வாசல். ஆகவே பிற பெண்களுக்கு 'வேலைக்குச் செல்லும் உரிமை' எதுவோ, அது நம் பெண்களுக்கு 'தாமே தேர்ந்த வேலைக்குச் செல்லும் உரிமை' ஆகும். இந்த வேறுபாட்டை உணராமல் பெண் கல்வி வரலாற்றை நாம் எழுத முடியாது.

எனினும், நம் பெண்கள் காலந்தாழ்ந்து விழித்தனர் எனக் கூறுவது தவறு. பூனாவில் மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் சமுதாயச் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் மராத்தி இதழொன்றில் வெளியாயிற்று. இந்தியாவில் முதற் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே தீண்டப்படாத குலத்துச் சிறுமி ஒருத்தி நாட்டைக் கேள்வி கேட்டு எழுதினாள். அவளுக்கு அடுத்த படிக்கட்டு அமைக்கப்படவில்லை. அறிவில் குறையிருந்ததன்று, படிக்கட்டில்தான் குறை.

தமிழகத்தில் அப்படிக்கட்டு மெல்ல மெல்ல அமைந்தது. பஞ்சமர் கல்விக்கென 1893இல் சென்னை அரசு தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். பின்னர் அரசின் தொழிலாளர் துறை நம் சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. நம் முதியோர் 'லேபர் ஸ்கூல்' என்று கூறுவது அவற்றையே. கிறித்தவச் சபைகளின் விடுதிப் பள்ளிகளில் பயின்ற நம் சமுதாயப் பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் வெளிவந்தனர். பல சேரிகளில் முதன்முதல் மாதச் சம்பளம் வாங்கிய பெண் ஒரு 'டீச்சரம்மா' அல்லது 'நர்சம்மா'வாகவே இருந்தார்.

இந்நிறுவனங்களை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். எங்கெல்லாம் தங்கிப் படிக்க விடுதி இருந்ததோ அங்கெல்லாம் பெண்கள் படித்தனர். விடுதியில்லாத இடத்தில் பள்ளி இருந்தும் பயனில்லை. சகோதரி சுப்புலட்சுமியின் இல்லம் பல ஆசிரியைகளை உருவாக்கியதும் விடுதியின் வலிமையாலேயே. ஆனால் அவ்வில்லம் பிராமண விதவைச் சிறுமியர்க்கென அமைந்தது. நம் பெண்களுக்கென அத்தகைய விடுதிகள் பெருக நெடுங்காலம் ஆயிற்று.

அக்காலத்தே நம் பெண்களின் குரலாய் ஒலித்தவர் அன்னை மீனாம்பாள் சிவராஜ். 1904இல் இரங்கூனில் பிறந்து அங்கேயே கல்லூரிக் கல்வியும் பெற்ற அவர், தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பின் மகளிர் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் மேடையேறி உரையாற்றினார். நம் சமுதாயப் பெண்ணொருத்தி அவ்வாறு பேசக் கண்டதே ஆயிரம் பள்ளிப் பாடங்களுக்கு நிகராயிற்று எனலாம்.

தாட்சாயணி வேலாயுதன்

இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என அறியப்படுபவர் தாட்சாயணி வேலாயுதன் ஆவார். 1912இல் கொச்சி அருகேயுள்ள முளவுகாடு தீவில் புலையர் குலத்திற் பிறந்தார். 1913இல் அம்மக்கள் கூட்டம் நடத்த விரும்பியபோது எவரும் நிலம் தரவில்லை. ஆதலின் காயலில் படகுகளை ஒன்றோடொன்று கட்டி, நீரின்மேல் மாநாடு நடத்தினர். அவ்வியக்கத்தில் தாட்சாயணியின் குடும்பத்தார் முன்னின்றனர். நிற்க நிலமில்லாதவர் வீட்டுப் பெண் பல்கலைக்கழகம் வரை சென்றது இவ்வாறுதான். முதலில் சமுதாயம் ஒன்று கூடியது, பிறகு பெண் படித்தாள்.

கொச்சி அரசின் உதவித்தொகையோடு எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். சோதனைச் சாலையில் உயர்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைக் காட்ட மறுத்தமையால், தொலைவில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றும் தேறினார். பின்னர் சென்னையில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1945 வரை கொச்சி அரசுப் பள்ளிகளில் ஆசிரியையாக விளங்கினார். 1945இல் கொச்சிச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற 15 பெண்களுள் தலித் பெண் அவர் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 34. தீண்டாமையை ஒழிக்கும் சட்டப் பிரிவு விவாதத்திற்கு வந்தபோது அதனை ஆதரித்துப் பேசினார். 1978இல் மறைந்தார்.

சோதனைச் சாலையில் அருகே வர விடாமல் நிறுத்தப்பட்ட மாணவி, நாட்டின் அரசியல் சட்டத்தை ஆக்கும் அவையில் அமர்ந்தார். இடையே கழிந்தவை ஏறத்தாழ பதினோராண்டுகள். அவ்விடைக்காலத்தை நிரப்பியவை உதவித்தொகை, பட்டம், ஆசிரியப் பணி ஆகிய மூன்றுமே. இதனை நம் மாணவியர் மறத்தலாகாது.

உதவித்தொகையும் இட ஒதுக்கீடும்

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினரானதும் தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு உதவித்தொகை வேண்டுமெனக் கோரிக்கை அளித்தார். அதன் விளைவாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு 1944இல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. பள்ளியிறுதிக்குப் பிந்தைய கல்விக்கு நம் பிள்ளைகள் இன்று பெறும் உதவித்தொகையின் வேர் அதுவே. 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாக அண்ணல் கூறினார். பிள்ளைகளின் திருமணத்திற்கு விரைய வேண்டாமெனவும் பெற்றோரை வேண்டிக்கொண்டார்.

சென்னை மாகாணத்தில் 1920களில் பிறந்த வகுப்புவாரி ஆணை, 1947இல் திருத்தப்பட்டபோது 14 இடங்களில் 2 இடங்களை அரிசனங்களுக்கு ஒதுக்கியது. அவ்வாணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவருள் ஒருவர் செண்பகம் துரைராஜன் என்னும் பட்டதாரிப் பெண்மணி. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கைக்கான அவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. நம் பிள்ளைகள் கல்லூரியில் இடம்பெறும் உரிமைக்கு இன்றும் அடிப்படையாயிருப்பது அப்பிரிவேயாகும். தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கப்பட்டதால், நம்முள்ளும் பின்தங்கியோர்க்கு வழி பிறந்தது.

பட்டத்திற்குப் பின்

பட்டம் பெற்ற பெண்களைப் பணியினின்றும் தடுத்த பெருந்தடை திருமணமேயாகும். இங்கிலாந்தில் ஆசிரியைகள் மணம் புரிந்தால் வேலையிழக்கும் வழக்கம் 1944 வரை நீடித்தது. நம் நாட்டின் நிலையும் இதனின்று வேறன்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பெண் ஐ.ஏ.எஸ். அலுவலர் எனக் கூறப்படும் அன்னா ராஜம் அவர்கள் 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் தேறிச் சென்னை மாநிலத்தைத் தேர்ந்தார். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்னும் நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. அவர் அஞ்சவில்லை. ஓசூர் துணை ஆட்சியராகப் பணி தொடங்கினார். பின்னர் அந்நிபந்தனை நீக்கப்பட்டது.

சென்னையில் பயின்று 1949இல் வெளியுறவுப் பணியிற் சேர்ந்த சி. பி. முத்தம்மா, பெண் அலுவலர் மணம் புரிய அரசின் அனுமதி பெற வேண்டும் என்னும் விதியையும், தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதையும் எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கண்டித்துத் தீர்ப்புரைத்தார். அரசும் விதியை மாற்ற முன்வந்தது. தமிழ்நாடு அரசு 1989இல் அரசுப் பணிகளில் 30 விழுக்காடு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது.

சட்டப் புத்தகத்திலிருந்த தடை இவ்வாறு நீங்கிற்று. வீட்டிலுள்ள தடை நீங்கிற்றா? இவ்வினாவை நம்மை நோக்கி நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிலையும் நம் கடமையும்

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதிப் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் 100க்கு 3 பேரே. 2011இல் அது 56 ஆக உயர்ந்தது. 2021-22ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்வி வயதிலுள்ள பெண்களுள் 28.5 விழுக்காட்டினர் கல்லூரியில் சேர்ந்திருந்தனர். பட்டியல் சாதிப் பெண்களுள் 26 விழுக்காட்டினர் சேர்ந்திருந்தனர். தமிழ்நாட்டின் நிலை நாட்டின் சராசரியினும் மேம்பட்டது. இஃது இரு தலைமுறைகளில் நிகழ்ந்த பெருமாற்றம். இதற்குப் பாடுபட்ட முன்னோரை வணங்குவோம்.

தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் வழங்கப்பட்டு வந்த திருமண உதவித் திட்டம், 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரியிற் சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வழி செய்யப்பட்டது. தாலிக்குத் தந்த உதவி படிப்புக்குத் தரும் உதவியாயிற்று. அரசின் நோக்கு இவ்வளவு தூரம் மாறியிருக்க, நம் வீடுகளின் நோக்கு மாறாதிருக்கலாமா?

அரசுப் பள்ளித் தலைமையாசிரியன் என்னும் முறையில் நான் காண்பவற்றைச் சுருங்கச் சொல்வேன். பன்னிரண்டாம் வகுப்பில் நம் பெண் பிள்ளைகள் பையன்களைக் காட்டிலும் நன்றாகத் தேறுகின்றனர். அதன் பின்னரே வேறுபாடு தொடங்குகிறது. மகன் எந்த ஊரிலுள்ள கல்லூரிக்கும் செல்லலாம். மகள் பேருந்தில் சென்று மாலை வீடு திரும்பும் தொலைவிலுள்ள கல்லூரிக்கே செல்ல வேண்டும். அங்கு எந்தப் பாடம் இருக்கிறதோ அதுவே அவள் பாடம். மகனுக்குப் பட்டத்திற்குப் பின் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டக் கடன் வாங்குகிறோம். மகளுக்குப் பட்டத்திற்குப் பின் வரன் பார்க்கிறோம். மூன்றாமாண்டுத் தேர்வுக்கு முன்னரே தாலி ஏறி, ஒரு தாள் இரு தாள் நிலுவையோடு நின்றுபோன பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு தெருவாரும் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டம் பெற்றும் சான்றிதழ் பெட்டிக்குள் உறங்க, தாயோடு வேலைக்குக் கூலியாளாய்ச் செல்லும் பெண்களும் உண்டு. அறுபது ஆண்டுப் போராட்டத்தின் பலன் பெட்டியில் உறங்குகிறது என்பதே இதன் பொருள்.

வறுமையை நான் அறியேனல்லேன். சாலையில் செல்லும் பெண்ணின் பாதுகாப்புப் பற்றிப் பெற்றோர் கொள்ளும் அச்சமும் பொருளற்றதன்று. நம் பெண் என்றால் பிறர் துணிந்து தீங்கு செய்வர் என்னும் அச்சம் அது. ஆனால் அதற்கு மருந்து பெண்ணை நிறுத்துவதன்று, துணையைப் பெருக்குவதேயாகும். கொச்சிக் காயலில் படகுகளைக் கட்டி நின்றவர் காட்டிய வழி அதுதான்.

ஆதலின் வெள்ளி விழாவை அடுத்து வரும் ஆண்டுகளில் நம் கழகம் மேற்கொள்ளத் தக்க பணிகளாக நான்கினை முன்வைக்கிறேன்.

முதலாவது, விடுதி. மாவட்டத் தலைநகரில் பயிலும் நம் பெண்கள் தங்க, நம்பத்தக்க பெண் காப்பாளரோடு கூடிய ஓர் இல்லம் வேண்டும். முதலில் வாடகை வீட்டில் பத்துப் பேரோடு தொடங்கினாலும் போதும். இவ்வரலாறு முழுவதும் நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம் விடுதியே.

இரண்டாவது, விண்ணப்பத் துணை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு இவற்றுள் ஒன்றில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் உதவித்தொகை ஓராண்டு தவறிவிடுகிறது. கழக அலுவலகத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை படித்த இளைஞர் இருவர் அமர்ந்து இவற்றைச் சரிபார்த்துத் தருதல் வேண்டும்.

மூன்றாவது, பட்டத்திற்குப் பின் ஈராண்டு. அரசுப் பணித் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு, வங்கித் தேர்வு ஆகியவற்றுக்கு ஆயத்தமாகும் பெண்களுக்கு நூல்களும் இடமும் கட்டணமும் கழகம் உதவ வேண்டும். அவ்வீராண்டுக் காலத்தில் திருமணப் பேச்சைத் தள்ளி வைப்பதாகப் பெற்றோர் உறுதி கூறுதல் வேண்டும்.

நான்காவது, இளைஞர் கடமை. நம் சமுதாயத்துப் பட்டதாரி இளைஞர்களுள் சிலர் படித்த பெண் வேண்டும் என்று கேட்டு மணம் புரிந்து, பின் அவளை வேலைக்குச் செல்ல வேண்டாமெனத் தடுக்கின்றனர். 1951இல் அரசு இட்ட நிபந்தனைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அரசு தன் நிபந்தனையை நீக்கிவிட்டது. அம்பேத்கர் பெயரைச் சொல்லி அமைப்பு நடத்தும் இளைஞன் தன் நிபந்தனையை வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது.

முடிவுரை

முக்தா சால்வே எழுதினாள், அடுத்த படிக்கட்டு இல்லை. தாட்சாயணி வேலாயுதன் தொலைவில் நின்று கற்றார், கற்பிக்கவும் சட்டம் ஆக்கவும் வந்தார். நம் பெண் பிள்ளைகள் இன்று சோதனைச் சாலையில் மேசையருகே நிற்கின்றனர். அவர்களை அங்கிருந்து திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் கல்லூரி வயதுடைய பெண் இருப்பின், அவளுடைய பட்டமும் பணியும் இரண்டும் தம் பொறுப்பே எனக் கொள்வாராக. பொன்விழா மலர் வெளிவரும் நாளில் பெண் கல்வி பற்றிய கட்டுரையை நம் சமுதாயத்துப் பெண் பேராசிரியர் ஒருவர் எழுத வேண்டும் என்பதே என் வேட்கை. அதற்குரிய மாணவி இன்று நம் தெருவில்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். கழகம் மேலும் வளர்க!